மோன்த்ரோ 1968: ஏரிக்கரையில் பதிவான பியானோ இசை

கல்லில் வடித்த சிற்பம் வெயிலிலும் மழையிலும் நின்று மெல்லத் தேய்கிறது. ஏட்டில் எழுதிய பாட்டு செல்லரிக்கும் வரையிலேனும் வாழ்கிறது. இசையோ பிறந்த கணத்திலேயே மறைகிறது. தாமஸ் ஆல்வா எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கும் வரை உலகத்து இசைக்கெல்லாம் இதுவே நிலை. குறியீடுகளால் தாளில் எழுதப்பெறும் ஐரோப்பியச் செவ்வியல் இசைக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. எழுதி வைக்கப்பெறாமல் அவ்வப்போது மேடையிலேயே பிறக்கும் இசைக்கு அதுவும் இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நியூ ஆர்லியன்ஸ் நகரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற ஜாஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இதன் முதல் இசைத்தட்டு 1917இல் வெளிவந்தது. அதற்கு முன் வாழ்ந்த ஜாஸ் கலைஞர்கள் எவ்வாறு வாசித்தனர் என்பதை அறிய, கேட்டவர் சொன்ன செய்தியன்றி இன்று வேறு சான்று இல்லை.

ஜாஸ் கலைஞர் எடுத்துக்கொள்ளும் மெட்டு பெரும்பாலும் எல்லாரும் அறிந்ததே. நாடகப் பாட்டாக இருக்கலாம். திரைப்படப் பாட்டாக இருக்கலாம். அதனை ஒருமுறை வாசித்துக் காட்டியபின், அதன் சுரக்கூட்டுகளின் வரிசையை அடித்தளமாகக் கொண்டு, அந்நேரத்து உள்ளத்தின் போக்கிற்கேற்பப் புதியன படைத்துச் செல்வதே ஜாஸ். மனோதர்மம் என்று நம் இசைவாணர் குறிக்கும் ஆற்றலுக்கு இது நெருங்கிய உறவுடையது. ஆகவே இவ்விசையில் மூலபாடம் என்பது இசையமைப்பாளர் எழுதிய தாள் அன்று. வாசிப்பின் ஒலிப்பதிவே மூலபாடம். பதிவு கிடைக்காத குழு, நூல் கிடைக்காத புலவரை ஒத்தது. குண்டலகேசியும் வளையாபதியும் பிறர் எடுத்தாண்ட சில பாடல்களாலேயே இன்று அறியப்படுகின்றன அல்லவா? ஏறத்தாழ ஆறு திங்களே நிலைத்த ஒரு ஜாஸ் குழு, நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே ஓர் இசைத்தட்டினால் அறியப்பட்டு வந்தது. பில் எவன்ஸ் என்ற பியானோக் கலைஞரும் அவருடைய தோழர் இருவரும் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் 1968ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் வாசித்த இசையே அந்தத் தட்டு.

திறந்த வெளியிலும் பேரரங்கிலும் பல்லாயிரவர் முன்னிலையில் நடைபெறும் ஜாஸ் விழா, இவ்விசையின் வரலாற்றில் பிற்காலத்து வரவு. ஜாஸ் வளர்ந்த இடங்கள் நடனக் கூடங்களும், புகை நிறைந்த சிறு விடுதிகளும் ஆகும். அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் ஜார்ஜ் வைன் என்பவர் 1954இல் தொடங்கிய விழாவே பின்னர் எழுந்த பல விழாக்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது. விழா தோன்றியதும் விழாப் பதிவும் தோன்றிற்று. ஆனால் விழாவில் பதிவானது என்று அட்டையில் அச்சிடப்பெற்ற அனைத்தும் விழாவில் பதிவானவை அல்ல. டியூக் எலிங்டன் குழுவினர் 1956 சூலை 7ஆம் நாள் நியூபோர்ட்டில் வாசித்தபோது, சாக்சபோன் கலைஞர் பால் கொன்சால்வஸ் ஒரே மூச்சாக இருபத்தேழு சுற்றுகள் வாசித்து அவையோரை எழுந்து ஆடச் செய்தார் என்பது பெயர்பெற்ற நிகழ்ச்சி. அதனைத் தாங்கி வந்த இசைத்தட்டும் பெரும்புகழ் பெற்றது. எனினும் அத்தட்டின் பெரும்பகுதி பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் வாசிக்கப்பெற்று, கைதட்டல் ஒலி சேர்க்கப்பெற்றது என்பது, உண்மையான மேடைப்பதிவு 1999இல் வெளிவந்தபோது அனைவர்க்கும் விளங்கிற்று. மூலத்தையும் இடைச்செருகலையும் பிரித்தறிந்து பழகியவர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது.

பியானோக் கலைஞருக்கு விழா மேடை மற்றவரினும் கடுமையானது. குழலூதுவோர் தம் குழலைக் கையோடு கொண்டு வருவர். பியானோ வாசிப்பவரோ விழாக்குழுவினர் நிறுத்தி வைத்திருக்கும் கருவியைத்தான் வாசித்தாக வேண்டும். அது எத்தகையது என்பது அமர்ந்து விரல் வைத்த பின்னரே தெரியும். நேரமோ அளவுபட்டது, முன்னும் பின்னும் வேறு குழுவினர் காத்திருப்பர். மென்மையும் நுணுக்கமும் தம் இயல்பாகக் கொண்ட எவன்ஸ் போன்றவருக்கு விழா மேடை உகந்த இடமாகத் தோன்றாது. ஆயினும் அவருடைய சிறந்த பதிவுகளுள் ஒன்று விழாவிலேயே விளைந்தது.

மோன்த்ரோ, ஜெனீவா ஏரியின் கீழைக் கரையில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர். அருகிலுள்ள கிளாரன்ஸ் என்னும் பகுதியில் தங்கியே இகோர் ஸ்திராவின்ஸ்கி தம் 'வசந்தத்தின் சடங்கு' என்னும் புகழ்பெற்ற படைப்பின் பெரும்பகுதியை உருவாக்கினார். ருசிய எழுத்தாளர் விளதிமிர் நபக்கோவ் 1961 முதல் 1977இல் மறையும் வரை இவ்வூரின் பெரிய விடுதி ஒன்றிலேயே வாழ்ந்தார். இவ்வாறு கலைஞர்க்குப் புகலிடமாக விளங்கிய ஊரில், நகரச் சுற்றுலா அலுவலகத்தில் பணியாற்றிய கிளோட் நோப்ஸ் என்ற இளைஞர், பியானோக் கலைஞர் ஜியோ வூமார், இதழாளர் ரெனே லாங்கெல் ஆகியோரின் துணையுடன் 1967இல் ஜாஸ் விழாவைத் தொடங்கினார். நோப்ஸ் சமையற்கலை பயின்றவர். வூமாரோ, 1956இல் நடைபெற்ற முதல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்ற பாடலுக்கு இசையமைத்தவர். மூன்று நாள் நடைபெற்ற முதல் விழா, பொழுதுபோக்கு மாளிகையாகிய கசினோவில் அமைந்தது. ஊருக்குப் பயணியரை ஈர்க்க வேண்டும் என்பதே அதன் வெளிப்படை நோக்கம். ஆனால் மேடையில் நிகழ்வதை நல்ல முறையில் பதிவு செய்து வைக்க வேண்டும் என்ற நோப்ஸின் வேட்கை அந்நோக்கத்தைக் கடந்தது. சுற்றுலா நோக்கம் ஒன்றே இருந்திருப்பின் இக்கட்டுரைக்குப் பொருள் இருந்திராது.

இரண்டாம் ஆண்டு விழாவிற்கு எவன்ஸ் அழைக்கப்பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. 1929 ஆகத்து 16ஆம் நாள் நியூ செர்சி மாநிலத்துப் பிளெயின்ஃபீல்டு நகரில் பிறந்து, இளமையிலேயே ஐரோப்பியச் செவ்வியல் பியானோ பயின்று, 1950இல் லூசியானா மாநிலத்துக் கல்லூரியில் பட்டம் பெற்று, சிறிது காலம் படைப்பிரிவு இசைக்குழுவிலும் பணியாற்றி நியூயார்க் நகரை அடைந்தவர். 1958இல் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சில திங்கள் இடம்பெற்றார். அக்குழுவில் அவர் ஒருவரே வெள்ளையர் என்பதால் கறுப்பின அவையோர் சிலரது கசப்பையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 1959 மார்ச்சு, ஏப்பிரல் திங்கள்களில் பதிவான டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டில் எவன்ஸின் பங்கு பெரிது. அத்தட்டின் அட்டைக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. மெல்லிய தாளில் ஒரே வீச்சில் தீட்டப்படும் சப்பானிய ஓவியத்தோடு அவர் அம்முன்னுரையில் ஜாஸ் இசையை ஒப்பிட்டார். தூரிகை தயங்கினால் தாள் கிழியும். தீட்டிய கோட்டை அழிக்கவும் இயலாது. தம் கலையைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்த ஜாஸ் கலைஞர் அரியர்.

பின்னர் அவர் தமக்கென ஒரு மூவர் குழுவை அமைத்தார். பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த இவ்வமைப்பு முன்பே வழக்கில் இருந்ததுதான். ஆனால் அதில் பியானோ தலைவனாகவும் ஏனைய இரண்டும் ஏவலராகவும் இருந்தன. ஆளுயரத்திற்கு நிற்கும் பெரிய நரம்புக்கருவியாகிய டபுள் பேஸ், தாளத்திற்கேற்ப அடிச்சுரங்களை விரலால் மீட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. எவன்ஸ் இம்முறையை மாற்றினார். தம் இடக்கையால் வாசிக்கும் சுரக்கூட்டிலிருந்து அடிச்சுரத்தையே நீக்கி, அதனைப் பேஸ் கலைஞரின் பொறுப்பில் விட்டார். இடம் கிடைத்த பேஸ் தனிக்குரலாகப் பேசத் தொடங்கிற்று. மூவரும் ஒரே நேரத்தில் உரையாடுவதாக இசை அமைந்தது. இவ்வுரையாடலுக்கு எவன்ஸுக்குக் கிடைத்த முதல் துணைவர் ஸ்காட் லஃபாரோ. டிரம்ஸ் வாசித்தவர் பால் மோட்டியன். 1961 சூன் 25ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு விடுதியில் இம்மூவரும் பிற்பகல் தொடங்கி இரவு வரை ஐந்து முறை வாசித்தனர். அப்பதிவிலிருந்து வெளியான இரு தட்டுகளும் மூவர் இசைக்கு இலக்கணமாகவே கொள்ளப்பட்டன.

பதினொரு நாள் கழிந்து, சூலை 6ஆம் நாள், லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது இருபத்தைந்து. விபத்து நேர்ந்த இடம் நியூயார்க் மாநிலத்தில் அவர் வளர்ந்த ஊருக்கு அருகில். அவ்வூரின் பெயரும் ஜெனீவா. ஏழாண்டு கழித்து மற்றொரு ஜெனீவாவின் பெயர் தாங்கிய ஏரிக்கரையில் எவன்ஸ் மீண்டும் எழுந்து நின்றார் என்பதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். ஆயினும் குறிப்பிடாமல் விட இயலவில்லை.

லஃபாரோவின் மறைவுக்குப் பின் எவன்ஸ் சில திங்கள் பியானோவைப் பொதுமேடையில் தொடவேயில்லை. அதன் பின்னர் வந்த ஆண்டுகளில் அவர் நிறைய வாசித்தார். நிறையப் பதிவும் செய்தார். பியானோ ஒன்றின் மேல் ஒன்றாகத் தம் வாசிப்பையே மும்முறை பதித்து 1963இல் அவர் வெளியிட்ட 'கான்வர்சேஷன்ஸ் வித் மைசெல்ஃப்' கிராமி விருதும் பெற்றது. உரையாடுவதற்கு வேறு ஆள் கிடைக்காமல் தம்மோடு தாமே உரையாடினார் போலும் என்று எண்ணத் தோன்றுகிறது. உடன் வாசித்தவர் அடிக்கடி மாறினர். இடையிலெல்லாம் எவன்ஸ் எரோயின் போதைக்கு அடிமையாகிப் பொருளும் உடல்நலமும் இழந்து வந்தார். இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது. இதனையே விரித்துப் பேசி இசையை மறப்பதும் வரலாறாகாது.

இக்காலத்தில் அவரைத் தாங்கியவர் எலன் கீன் என்னும் பெண்மணி. 1960களின் தொடக்கத்திலிருந்து 1980இல் எவன்ஸ் மறையும் வரை அவருடைய மேலாளராகப் பணியாற்றியவர். பின்னர் அவர் இசைத்தட்டுகளின் தயாரிப்பாளராகவும் விளங்கியவர். மோன்த்ரோ இசைத்தட்டின் தயாரிப்பாளரும் அவரே. ஜாஸ் இசையில் பெண்கள் பாடகியராக ஏற்றுக்கொள்ளப்பட்டனர்; அருகிப் பியானோக் கலைஞராகவும் ஏற்கப்பட்டனர். ஒப்பந்தம் பேசுவதும், தட்டில் எது இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்வதும் ஆடவர்க்கே உரிய பணிகளாக இருந்த காலம் அது. அப்பணிகளை அந்நாளிலேயே ஏற்றுச் செய்த கீனின் பெயர் தட்டின் பின்னட்டையில் சிறிய எழுத்தில் காணப்படுகிறது. அவர் பெயரால் எவன்ஸ் இயற்றிய 'ஒன் ஃபார் எலன்' என்னும் மெட்டே மோன்த்ரோ நிகழ்ச்சியில் முதலில் ஒலிக்கிறது. கலைஞர் தம் நன்றியை இதனினும் பொருத்தமாகத் தெரிவித்திருக்க முடியாது.

மூவருள் மற்ற இருவரும் இளைஞர். பேஸ் கலைஞர் எடி கோமஸ் 1944இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் உவான் நகரில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். சூலியர்டு இசைப்பள்ளியில் பயின்றவர். 1966இல் எவன்ஸோடு சேர்ந்து பதினோர் ஆண்டுகள் உடனிருந்தவர். டிரம்ஸ் கலைஞர் ஜாக் டிஜானெட் 1942இல் சிகாகோவில் பிறந்தவர். இவர் சிறுவயதில் முதலில் கற்றது பியானோ என்பது இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது. சார்லஸ் லாயிடு குழுவில் கீத் சாரெட்டுடன் வாசித்துப் புகழ்பெற்ற இவர், அக்குழுவோடு 1967இல் மோன்த்ரோவின் முதல் விழாவிலேயே வாசித்திருந்தார். ஆகவே 1968இல் அம்மேடை எவன்ஸுக்குப் புதிது. அவருடைய டிரம்ஸ் கலைஞருக்குப் பழகியது.

சூன் 15, சனிக்கிழமை. இராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஒன்பது நாளே ஆகியிருந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு இரண்டு திங்கள்களுக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. பாரிசு மாநகரத் தெருக்களில் மாணவர் எழுப்பிய தடைமதில்கள் முந்திய திங்களின் செய்தி. அக்காலத்து இளைஞரின் செவி ஜாஸ் இசையை விட்டு மின்கிதார் இசையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. கசினோ அரங்கில் அமர்ந்திருந்தோர் என்ன எண்ணத்துடன் வந்தனரோ, பதிவில் கேட்கும் அவர்களது அமைதியும், பாடல் முடிவில் எழும் ஆரவாரமும் அவர்கள் கேட்கவே வந்தவர்கள் என்பதைக் காட்டுகின்றன.

ஜியோ வூமாரின் அறிமுகவுரையுடன் தட்டு தொடங்குகிறது. 'ஒன் ஃபார் எலன்' விரைந்த நடையில் அமைந்தது. எவன்ஸ் என்றால் தலையைக் கருவியின் மேல் கவிழ்த்து, கனவு காண்பவர் போல் மெல்ல வாசிப்பவர் என்ற எண்ணத்துடன் கேட்பவருக்கு இதுவே முதல் வியப்பு. விரல்கள் அழுத்தமாக விழுகின்றன. சொற்றொடர்கள் நீண்டு ஓடுகின்றன. இம்மாற்றத்திற்குக் காரணம் டிஜானெட். அவர் தாளத்தை எண்ணிக் காட்டுபவர் அல்லர். பியானோ சொல்லும் ஒவ்வொரு தொடருக்கும் மறுமொழி கூறுபவர். சில இடங்களில் உறுத்துகிறார், சில இடங்களில் வேண்டுமென்றே மௌனமாக இருக்கிறார். பியானோ அறிந்தவர் ஆதலின் எவன்ஸின் தொடர் எங்கு முடியும் என்பதை முன்னரே உணர்ந்து அங்கே காத்து நிற்கிறார். அடுத்து வரும் 'எ சிலீப்பின் பீ', ஆரால்டு ஆர்லன் 1954இல் நாடகமொன்றுக்கு இசையமைத்த பாடல். அதன்பின் எவன்ஸின் நெடுநாள் நண்பர் ஏர்ல் சிண்டார்ஸ் இயற்றிய 'மதர் ஆஃப் ஏர்ல்'. எவன்ஸ் பிறர் அறியாத தம் நண்பர்களின் மெட்டுகளை உலகறியச் செய்வதில் தளராத ஆர்வம் உடையவர்.

தட்டின் உச்சம் 'நார்டிஸ்' என்று துணிந்து கூறலாம். இம்மெட்டின் வரலாறு விந்தையானது. கேனன்பால் ஆடர்லி 1958இல் செய்த பதிவிற்காக மைல்ஸ் டேவிஸ் இதனை அளித்தார் என்பது வழக்கு. ஆனால் டேவிஸ் தம் தட்டு எதிலும் இதனை வாசித்ததேயில்லை. அந்த 1958 பதிவில் பியானோ வாசித்தவர் எவன்ஸ். ஈன்றவர் கைவிட்ட பிள்ளையைச் செவிலி வளர்த்தது போல் அவர் இம்மெட்டை வாழ்நாள் முழுதும் வாசித்து வளர்த்தார். மோன்த்ரோவில் மூவர்க்கும் இதில் இடம் உண்டு. கோமஸ் தம் பேஸின் மேல்நிலைச் சுரங்களில் ஏறி, அது அவ்வளவு பெரிய கருவி என்பதே மறந்துபோகும் விரைவில் மீட்டுகிறார். டிஜானெட்டின் தனியாவர்த்தனம் வெறும் ஓசைப் பெருக்காகாமல், மெட்டின் வடிவத்தைத் தோற்கருவியில் மீண்டும் சொல்வதாக அமைந்துள்ளது. கச்சேரியில் தனியாவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வெளியே செல்லும் வழக்கம் உடையவர்கூட இதனை அமர்ந்து கேட்பர்.

தட்டின் மறுபக்கம் மௌனத்தில் தொடங்குகிறது. மற்ற இருவரும் ஒதுங்கி நிற்க, எவன்ஸ் மட்டும் 'ஐ லவ்ஸ் யூ போர்கி' வாசிக்கிறார். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1935இல் இயற்றிய 'போர்கி அண்டு பெஸ்' இசைநாடகத்தில், தன்னை வன்முறையால் ஆட்கொள்ள வருபவனிடமிருந்து காத்துக்கொள்ளுமாறு காதலனை ஒரு பெண் வேண்டும் பாடல் அது. 1961இல் லஃபாரோவோடு வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் எவன்ஸ் இதனை வாசித்திருந்தார். அன்று மூவராய் வாசித்தது, இன்று தனியராய். துயரத்தை மிகுவித்துக் காட்டாமல், ஒவ்வொரு சுரக்கூட்டையும் அடங்கும் வரை காத்திருந்து அடுத்ததைத் தொடுகிறார். அதே ஆண்டு விழாவில் பாடிய நினா சிமோன் தம் இசைவாழ்வில் முதன்முதலாகப் பெரும்புகழ் பெற்றதும் இதே பாடலால்தான். ஒரே விழாவிற்கு ஒரே பாடலின் இரு பெரும் உரையாசிரியர் வந்திருந்தனர் எனலாம்.

எஞ்சியவற்றுள் 'எம்பிரேசபிள் யூ' கோமஸுக்குரியது. பாடலின் மெட்டையே பேஸ் ஏந்திச் செல்கிறது. இப்பகுதியில் விரைவு சற்று மிகுந்து, பாட்டின் கனிவு குறைந்துவிட்டது என்று கருத இடமுண்டு. இருபத்து மூன்று வயதுக் கலைஞரின் கைத்திறன் தன்னைக் காட்டிக்கொள்ளத் துடிப்பது இயல்பே. லஃபாரோவோடு ஒப்பிடப்படுதல் என்னும் பாரம் ஈராண்டாக அவர் தோளில் இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'ஸ்நோ ஒயிட்' என்னும் 1937ஆம் ஆண்டுக் கேலிச்சித்திரப் படத்துப் பாடலையும், தம் சொந்த மெட்டாகிய 'வாக்கின் அப்' என்பதையும் வாசித்து எவன்ஸ் முடிக்கிறார்.

வெர்வ் நிறுவனம் இதனை இசைத்தட்டாக வெளியிட்டது. ஏரி நீரில் நிழல் விழ நிற்கும் ஷீயோன் கோட்டையின் படம் அட்டையை அணிசெய்தது. சிறைக்கூடமாகப் பயன்பட்ட கோட்டை அது; ஆங்கிலக் கவி பைரன் 1816இல் அதில் அடைபட்டிருந்த ஒருவனைப் பற்றி நெடும்பாட்டு இயற்றியுள்ளார். 1969இல் இத்தட்டு சிறுகுழு ஜாஸ் இசைக்கான கிராமி விருதைப் பெற்றது. மோன்த்ரோ என்ற பெயர் கடல்கடந்து பரவுவதற்கு இத்தட்டு பெருந்துணை செய்தது. தொடங்கி ஓராண்டே ஆன விழாவிற்கு இதனினும் சிறந்த விளம்பரம் கிடைத்திருக்க இயலாது.

விருது வந்தபோது குழு இல்லை. 1968 சூலையில் இலண்டன் மாநகரின் ரானி ஸ்காட்ஸ் விடுதியில் எவன்ஸ் மூவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, மைல்ஸ் டேவிஸ் அங்கு வந்தார். அதே விடுதியில் மற்றொரு குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த டேவ் ஆலந்து என்ற ஆங்கிலேய இளைஞரைத் தம் குழுவிற்கு அழைத்துக்கொண்டார். டிஜானெட்டும் எவன்ஸைப் பிரிந்து 1969இல் டேவிஸோடு சேர்ந்தார். அவ்வாண்டு ஆகத்தில் பதிவான 'பிட்சஸ் புரூ' தட்டில் இவ்விருவரின் இசையும் உண்டு. மின்கருவிகளின் பேரோசை நிறைந்த அவ்விசைக்கும் மோன்த்ரோ இசைக்கும் இடையில் இருப்பது பதினான்கு திங்கள்களே. எவன்ஸ் அப்பாதையில் செல்லவில்லை. மார்ட்டி மொரெல் என்ற அமைதியான டிரம்ஸ் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு தம் வழியே நடந்தார். அமைதி கிடைத்தது; உரசலில் பிறக்கும் தீப்பொறி குறைந்தது என்பது அடுத்து வந்த தட்டுகளைக் கேட்போர்க்குப் புலனாகும்.

டிஜானெட் உடனிருந்த காலத்திற்கு மோன்த்ரோ தட்டு ஒன்றே முறையாக வெளிவந்த சான்று என்ற நிலை 2016 வரை நீடித்தது. அவ்வாண்டில்தான் மற்றொன்று வெளிப்பட்டது. மோன்த்ரோ நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் கழித்து, சூன் 20ஆம் நாள், செருமனியின் கருங்காட்டுப் பகுதியில் உள்ள வில்லிங்கன் என்ற ஊரில், ஆன்ஸ் கியார்க் புருன்னர்-ஷ்வேர் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இம்மூவரும் வாசித்திருந்தனர். எவன்ஸ் வெர்வ் நிறுவனத்திற்குக் கட்டுப்பட்டவராதலின், வெளியிடும் உரிமை பெறப்படாமல் அந்நாடாக்கள் செருமானியக் குடும்பத்தாரிடமே தங்கிவிட்டன. நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு பேழைக்குள் உறங்கியது அவ்விசை. அடுத்த ஆண்டே, 1968 சூன் 22ஆம் நாள் நெதர்லாந்தின் இல்வர்சம் நகர வானொலி நிலையத்தில் பதிவானதும் வெளியாயிற்று. இலண்டன் விடுதி நிகழ்ச்சியை டிஜானெட் தாமே பதிவு செய்து பாதுகாத்து வந்த நாடாக்கள் 2020இல் தட்டாயின. ஒரு பாடலால் அறியப்பட்ட புலவருக்கு மூன்று சுவடிகள் கிடைத்தாற்போல் ஆயிற்று.

புதிய சுவடி கிடைத்தால் பழைய கணிப்பை மீண்டும் நோக்க வேண்டும். கருங்காட்டுப் பதிவு மென்மையானது. அதில் பல பாடல்களில் டிரம்ஸ் இல்லை. எவன்ஸும் கோமஸும் மட்டுமே உள்ளனர், சிலவற்றில் எவன்ஸ் தனியாகவே வாசிக்கிறார். டிஜானெட் வாசிக்கும் இடங்களிலும் கைகட்டி நிற்பவர் போல் அடங்கியே ஒலிக்கிறார். இல்வர்சம் பதிவில் ஒலித்தெளிவு சிறப்பு. இலண்டன் நாடாவில் ஒலித்தெளிவு குறைவு. ஆனால் மூவரும் ஒருவரையொருவர் நன்கறிந்து விளையாடும் களிப்பு மிகுதி. இவற்றையெல்லாம் கேட்டபின் மோன்த்ரோ தட்டின் மதிப்பு குறையவில்லை. அதன் இயல்பே மேலும் தெளிவாகிறது. ஐந்து நாள் இடைவெளியில் அதே மூவர் அடங்கி வாசித்திருக்க, மோன்த்ரோவில் அவர்களைப் பொங்கச் செய்தது விழா மேடையும் முன்னிருந்த அவையுமே என்பது இப்போது சான்றுடன் விளங்குகிறது. மோன்த்ரோ தட்டு மட்டுமே இருந்த காலத்தில், இம்மூவர் எப்போதும் இவ்வாறே வாசித்தனர் என்று திறனாய்வாளர் கொண்டது பிழை. ஒற்றைச் சான்றை வைத்து ஒரு காலத்தையே அளக்கும் பிழை இலக்கிய வரலாற்றிலும் நேர்வதுண்டு.

அவர்கள் வாசித்த அரங்கும் இன்று இல்லை. 1971 திசம்பர் 4ஆம் நாள், பிராங்க் சாப்பா குழுவினரின் நிகழ்ச்சியின்போது அவையிலிருந்த ஒருவர் எரிவாணத் துப்பாக்கியைக் கூரை நோக்கிச் சுட, கசினோ முழுதும் தீப்பற்றி எரிந்து அழிந்தது. உள்ளிருந்த இளைஞரை வெளியேற்றுவதில் நோப்ஸ் முன்னின்றார்; உயிர்ச்சேதம் இல்லை. ஏரியின் மேல் பரவிய புகையைக் கண்ட டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்துக் குழுவினர் அதனைப் பொருளாக வைத்து ஒரு பாட்டு இயற்றினர். எவன்ஸின் பெயரை அறியாத கோடிக்கணக்கானோர் மோன்த்ரோவை அறிந்தது அப்பாட்டினால்தான். விழா வேறு அரங்குகளுக்கு மாறி வளர்ந்தது. எவன்ஸ் 1970இலும் 1975இலும் மீண்டும் அவ்விழாவில் வாசித்தார். அவையும் தட்டுகளாக உள்ளன. 1975இல் டிரம்ஸ் இன்றிக் கோமஸுடன் மட்டும் அமர்ந்து வாசித்தார். 1980 செப்டம்பர் 15ஆம் நாள் நியூயார்க்கில் தம் ஐம்பத்தொன்றாம் வயதில் மறைந்தார். டிஜானெட், கீத் சாரெட்டுடனும், முன்னர் எவன்ஸோடு வாசித்த கேரி பீகாக்குடனும் 1983இல் சேர்ந்து மூன்று பத்தாண்டுகள் மூவர் இசையை வளர்த்து, 2025இல் காலமானார்.

நோப்ஸ் 2013 சனவரியில் மறைந்தார். அவர் சேர்த்து வைத்த ஐயாயிரம் மணி நேரத்திற்கும் மேற்பட்ட விழாப் பதிவுகளை அதே ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. எவன்ஸின் மோன்த்ரோ தட்டு குறுந்தகடாக மீண்டும் வெளியானபோது, இடமின்மையால் முதற்பதிப்பில் விடப்பட்டிருந்த பகுதி ஒன்று சேர்க்கப்பெற்றது. பியானோக் கலைஞரும் மனநல மருத்துவருமாகிய டென்னி சைட்லின் இயற்றிய 'குவயட் நவ்' என்னும் மெட்டு அது. விரைவும் முழக்கமும் நிறைந்த அத்தட்டில், கைதட்டல் எழுவதற்கு முன் அவை ஒரு கணம் மூச்சடக்கி நிற்பதை அப்பகுதியின் முடிவில் கேட்கலாம்.